அட்வான்ஸ் கட்டும் முன் காலண்டரை எடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வரும் மே மாதம் 70 வயது. பீமரத சாந்தியை ஊரில் எளிமையாகச் செய்துவிட்டு, எல்லோரும் சிங்கப்பூர் போய் அங்கிருந்து 4 இரவு கப்பல் பயணம் போகலாம் என்று ஆசைப்படுகிறோம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல் மே 4-ஆம் தேதி கிளம்புகிறது. நான், கணவர், 9 வயது மகன், அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று 7 பேர். அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏறி இறங்கச் சிரமம். தம்பி மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். இன்று ஸ்கேனில் சரியாக 10 வாரம் என்றார்கள். பயணத்தின்போது ஐந்தரை மாதம்தான் ஆகியிருக்கும், தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏஜென்ட் தலைக்கு ரூ.25,000 அட்வான்ஸ் கேட்கிறார். அது திரும்பக் கிடைக்காதாம், ஆஃபரும் இந்த வாரத்தோடு முடிகிறதாம். அறை எண்ணைக் கப்பல் கம்பெனியே பிறகு ஒதுக்கும், அதனால்தான் விலை குறைவு என்கிறார். கட்டலாமா? பால்கனி அறை எடுக்க வேண்டுமா, ஜன்னல் இல்லாத உள்ளறை போதுமா? இடையில் போக முடியாமல் போனால் பணம் என்ன ஆகும்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் (ஜனவரி 20)

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். விலை, அறை எல்லாவற்றையும் பிறகு பேசலாம். முதலில் உங்கள் தம்பி மனைவியின் தேதியைப் பார்க்க வேண்டும்.

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 20 அன்று 10 வாரம். அங்கிருந்து மே 4 வரை 104 நாள், அதாவது 14 வாரமும் 6 நாளும். ஆக, கப்பல் ஏறும் அன்று அவருக்கு 24 வாரம் 6 நாள் ஆகியிருக்கும். இறங்கும்போது 25 வாரத்தைத் தாண்டியிருக்கும். பயணம் முடிவதற்குள் கர்ப்பம் 24-ஆவது வாரத்துக்குள் நுழைந்துவிடும் என்றால் ஏற்றமாட்டோம் என்பது பெரிய கப்பல் கம்பெனிகள் அநேகமாக எல்லாவற்றிலும் உள்ள விதி. 24-ஆவது வாரம் என்றால் 23 வாரம் முடிந்த மறுநாளே தொடங்கிவிடுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தாலும் இந்த விதி தளராது. கப்பலில் ஒரு சிறிய மருத்துவமனை இருக்கும். குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. நடுக்கடலில் ஏதாவது ஆனால் கரைக்கு வந்து சேரவே பல மணி நேரம் ஆகும். அதனால்தான் இவ்வளவு கறார்.

உங்கள் டாக்டர் சொன்னதில் தவறில்லை. அவர் உடல்நிலையைப் பார்த்துச் சொன்னார். விமானம் என்றால் சான்றிதழோடு 30 வாரத்துக்கு மேலும் ஏற்றிக்கொள்வார்கள், அதை வைத்துத்தான் கப்பலும் அப்படியே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 7 பேர் பெயரையும் வாங்கிக்கொண்ட ஏஜென்ட் இதைக் கேட்டிருக்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரில் நிறுத்திவிட்டால், அது அன்றைக்குக் கேன்சல் செய்ததற்குச் சமம். ஒரு ரூபாயும் வராது. பணத்தை விடுங்கள், எல்லோரும் ஏறிவிட்ட பிறகு அந்தப் பெண் பெட்டியோடு துறைமுகத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பயணத்தை ஏப்ரல் 13-ஐ ஒட்டி முன்னால் நகர்த்தினால் ஏறும்போது 21 வாரம் 6 நாள், இறங்கும்போது 22 வாரம் 3 நாள். விதிக்குள் வந்துவிடும். மகனின் முழு ஆண்டுத் தேர்வு எப்போது என்று பள்ளியில் கேளுங்கள். அது இடித்தால், அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். பிரசவம் ஆகஸ்ட் நடுவில் வரும். குழந்தைக்கு 6 மாதம் நிறைந்தால்தான் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவார்கள், ஆகவே இந்த டிசம்பர் விடுமுறை உதவாது. அடுத்த மே என்றால் பேரக் குழந்தையோடு 8 பேராகப் போகலாம். மூன்றாவது வழி, தம்பியும் மனைவியும் இல்லாமல் 5 பேர் மட்டும் போவது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்பாவிடம் கேட்பேன். 70 வயதைக் கொண்டாடப் போகிறவர் அவர்தான். மே 4-தான் முக்கியமா, எல்லோரும் கூட இருப்பதுதான் முக்கியமா என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இனி பணத்துக்கு வருவோம். எந்தத் தேதியில் போனாலும் இது பொருந்தும்.

கப்பல் டிக்கெட்டின் விலை ஒரே எண்ணாகத் தெரியும். கப்பல் பயணம் ஏற்பாடு செய்யும் தொழிலில் இருக்கும் நாங்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. எந்தத் தேதிக்குப் பிறகு எவ்வளவு பணம் நம் கையை விட்டுப் போகும் என்றுதான் பார்ப்போம். 4 இரவு போன்ற குறுகிய பயணத்துக்குப் பெரிய கம்பெனிகளில் வழக்கமாக உள்ள கணக்கை உங்கள் மே 4-க்குப் போட்டுக் காட்டுகிறேன். கிளம்புவதற்கு 75 நாள் முன்னால், அதாவது பிப்ரவரி 18-க்குள், பாலன்ஸ் முழுவதும் கட்ட வேண்டும். அதுவரை கேன்சல் செய்தால் போவது அட்வான்ஸ் மட்டும். ரீஃபண்டபிள் அட்வான்ஸ் என்றால் அதுவும் போகாது. அதற்கு மறுநாளிலிருந்து மார்ச் 4 வரை பாதிப் பணம் போகும். மார்ச் 5 முதல் ஏப்ரல் 3 வரை முக்கால்வாசி. ஏப்ரல் 4-லிருந்து முழுவதும். கம்பெனிக்குக் கம்பெனி நாளும் விகிதமும் கொஞ்சம் மாறும், பயணம் நீளமாக இருந்தால் கெடு இன்னும் முன்னால் வரும். ஆனால் படிகள் இந்த வகையில்தான் இருக்கும். உங்களுக்கான தேதிகளை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கி, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

முழுப் பணமும் போகும் நிலையிலும் ஒன்று திரும்ப வரும். துறைமுகக் கட்டணமும் அரசு வரிகளும் நீங்கள் கப்பலில் ஏறினால்தான் செலவாகும். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தொகையைத் திருப்பித் தருவார்கள். கேட்டால்தான் கிடைக்கும், பல பேர் கேட்பதே இல்லை.

இப்போது அந்த 25,000 ரூபாய். இவ்வளவு சின்னப் பயணத்துக்குக் கப்பல் கம்பெனி கேட்கும் அட்வான்ஸ் பெரும்பாலும் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் அளவில்தான் இருக்கும். உங்கள் ஏஜென்ட் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார், 7 பேருக்கு ரூ.1,75,000. அதில் விமான டிக்கெட் சேர்ந்திருக்கலாம். அல்லது அவர் 20, 30 அறைகளை மொத்தமாகக் குரூப் ரேட்டில் பிளாக் செய்து வைத்திருக்கலாம். குரூப் என்றால் கம்பெனியின் கேன்சலேஷன் விதி உங்களுக்குப் பொருந்தாது, ஏஜென்டின் விதிதான். அது பெரும்பாலும் இன்னும் கடுமையாக இருக்கும். குரூப் ரேட்டில் வாங்குவது தப்பில்லை. எல்லோரும் கட்டாயம் போகிறோம் என்ற குடும்பத்துக்கு அது மலிவுதான். ஒருவர் கர்ப்பமாக, இருவர் வயதானவர்களாக இருக்கும் குடும்பத்துக்கு அது சரிவராது.

ஆகவே அவரிடம் நேராகக் கேளுங்கள்: இது தனி புக்கிங்கா, குரூப்பா? இந்த 25,000-இல் கப்பல் கம்பெனிக்குப் போவது எவ்வளவு? கேன்சல் ஆனால் கம்பெனி பிடிப்பதற்கு மேல் நீங்கள் தனியாகப் பிடிப்பது எவ்வளவு? கோபப்படாமல் பதில் எழுதித் தருகிற ஏஜென்டிடம் தைரியமாகப் பணம் கட்டலாம். வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தாலும் போதும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஆஃபர் முடிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்று போனால் அடுத்த வாரம் இன்னொரு பெயரில் வரும். 25 ஆண்டாக இந்தத் தொழிலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டிய பிறகு கையில் இருக்க வேண்டியது ஏஜென்டின் ரசீது மட்டும் அல்ல, கப்பல் கம்பெனி கொடுத்த புக்கிங் நம்பர். அதைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் உங்கள் பெயர் வர வேண்டும். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கப்பல் கம்பெனிகளே மூடிப்போன காலத்தைப் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் ஓடிய ஜலேஷ் குரூஸ் 2020-இல் மூடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து ஓடிய ட்ரீம் குரூஸின் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அந்த மாதிரி நேரத்தில் ரொக்கமாகக் கட்டியவருக்குப் பிடி எதுவும் இல்லை. கார்டில் கட்டியவர் பேங்கில் புகார் கொடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், இதைத் தவறவிடாதீர்கள். 7 பேரையும் ஒரே புக்கிங்கில் போடச் சொல்லாதீர்கள். மூன்று அறை, மூன்று தனி புக்கிங் நம்பர். சாப்பாட்டு மேஜை ஒன்றாக வேண்டும் என்றால் மூன்றையும் இணைத்துவிடச் சொல்லலாம். தம்பி அறை கேன்சல் ஆனால் மற்ற இரண்டையும் யாரும் தொட வேண்டியதில்லை. ஏப்ரலுக்கு மாற்றி எல்லோரும் போவதாக இருந்தால், தம்பி அறைக்கு மட்டும் ரீஃபண்டபிள் அட்வான்ஸ் எடுங்கள். கொஞ்சம் விலை கூடும், கூடட்டும். கர்ப்ப காலத்தில் டாக்டர் எந்த வாரமும் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லலாம். ஆனால் ஏப்ரல் 13 என்றால் அந்த 75 நாள் கெடு ஜனவரி 28-லேயே வந்துவிடும், அதற்குப் பிறகு கேன்சல் செய்தால் மேலே சொன்ன படிகளில் பணம் போகும்.

தம்பி மட்டும் வருகிறார் என்றால் அவருக்குத் தனி அறை எடுக்காதீர்கள். கப்பலில் அறை விலை இருவர் கணக்கில்தான். தனியாகத் தங்குகிறவர் ஏறக்குறைய இருவர் கட்டணத்தைக் கட்ட வேண்டிவரும். அப்பா அம்மா அறையில் மூன்றாவது ஆளாகப் போட்டால், மேலிருந்து மடக்கி இறக்கும் பெர்த் அவருக்கு, கட்டணமும் முதல் இருவரைவிடக் குறைவு. இரவில் அம்மாவுக்குத் துணையாகவும் இருக்கும். உங்கள் அறையில் மகனும் அப்படித்தான், மூன்றாவது ஆள்.

இனி அறை. எல்லோரும் முதலில் கேட்பது பால்கனியா, உள்ளறையா என்றுதான். எனக்கு அதைவிட, அறை கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பெரிது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் 330 மீட்டருக்கு மேல் நீளம். அறை ஒரு கோடியில், சாப்பாட்டுக் கூடம் மறுகோடியில் என்று வையுங்கள். ஒரு தடவை போக 300 மீட்டர், வர 300 மீட்டர். மூன்று வேளைக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல். மூட்டு வலி உள்ள உங்கள் அம்மா ஊரில் ஒரு நாளைக்கு அவ்வளவு நடப்பாரா?

அதனால்தான் அறையைக் கம்பெனி ஒதுக்கும் என்கிற அந்தத் திட்டத்தை, அதாவது கியாரண்டி கேபினை, உங்கள் பெற்றோருக்கு எடுக்க வேண்டாம் என்கிறேன். பால்கனியா உள்ளறையா என்ற வகையை மட்டும்தான் உறுதி தருவார்கள். மிச்சம் இருக்கிற அறை எதுவோ அதுதான் வரும்; கோடி அறை வரும், நடன அரங்குக்கு மேல் அறை வரும், நீச்சல் குளத்துக்கு நேர் கீழே வரும். என் வாடிக்கையாளர் ஒருவரின் வயதான பெற்றோருக்கு அப்படிக் குளத்துக்குக் கீழே வந்தது. விடியற்காலை 5 மணிக்குத் தளத்தைக் கழுவி, நாற்காலிகளை இழுத்து வரிசை போடுவார்கள். தலைக்கு மேல் தரதரவென்று இழுக்கிற சத்தம். முதல் நாள் காலை, ஏதோ உடைகிறது என்று பயந்து அந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். மாற்றித் தரக் கப்பலில் காலி அறை இல்லை. நீங்களும் கணவரும் தம்பியும் கியாரண்டி எடுத்துப் பணம் மிச்சம் பிடிக்கலாம், தவறில்லை. ஆனால் அறைகள் பக்கத்துப் பக்கத்தில் வராது.

பெற்றோருக்கு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கப்பலின் டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும். நீளவாக்கில் நடுப்பகுதி, லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளி. மேலேயும் கீழேயும் உள்ள தளங்களில் அறைகளே இருக்கும்படி பாருங்கள், அப்போதுதான் இரவு அமைதியாக இருக்கும். இரண்டு அறைகளுக்கு நடுவில் கதவு வைத்த அறை என்றால் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். பக்கத்து அறை உங்களுடையதாக இருந்தால் அதுவே வசதி. கப்பல் ஆடுவது நடுவிலும் கீழ்த் தளங்களிலும் குறைவு, முன்முனையிலும் மேல் தளங்களிலும் அதிகம். அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே தலைசுற்றும் என்றால் இது ரொம்ப முக்கியம்.

பால்கனியை உங்கள் பெற்றோருக்கு எடுங்கள், அதுவும் பால்கனி அறைகள் தொடங்குகிற கீழ்த் தளத்தில். நீங்கள் மகனோடு நாள் முழுக்கக் குளத்திலும் விளையாட்டிலும் இருப்பீர்கள், அறைக்கு வருவது தூங்கத்தான். உங்களுக்கு உள்ளறை போதும். அம்மா அப்படி இல்லை. மதியம் காலை நீட்டிப் படுக்க வேண்டியிருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காபியோடு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தால், அவருக்கு அதுவே பயணம். வாங்குமுன் அந்த எண்ணில் உயிர்காப்புப் படகு பார்வையை மறைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறை வாசலில் பல கப்பல்களில் ஒரு உயரமான விளிம்பு இருக்கும், இரவில் கால் தட்டும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சின்ன இரவு விளக்கு ஒன்றும் கொண்டுபோங்கள். துறைமுகத்தில் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று புக்கிங்கின்போதே பதிவு செய்துவிட்டால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம்.

புக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே கரையை ஒட்டி நிற்கும், சரிவுப் பாலத்தில் நடந்து இறங்கிவிடலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போடும். கரைக்குப் போவது டெண்டர் எனப்படும் சின்னப் படகில். கப்பலின் வயிற்றுப் பகுதியில் ஒரு கதவு திறப்பார்கள். வெளியே படகு அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு ஊழியர்கள் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படகு சமமாக வருகிற நொடியில் "இப்போது" என்பார்கள், கால் வைக்க வேண்டும். முழங்கால் நன்றாக மடங்குகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. உங்கள் அம்மாவுக்குக் கஷ்டம்.

மே மாதத்தில் இன்னொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலில் தொடங்குகிற நேரம் அது. பட்டோங் மேற்கு பார்த்த கடற்கரை. அலை உயர்ந்தால் கேப்டன் புக்கெட்டையே விட்டுவிட்டுப் போவார், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. திரும்பக் கிடைப்பது அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டுமே. ஏப்ரலில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே மாதம்தான் என்றால், பினாங்கு மட்டும் போய் வருகிற 3 இரவுப் பயணம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மலாக்கா நீரிணைக்குள்ளேயே போய் வரும், ஆட்டமும் குறைவு, அம்மாவும் கரையில் இறங்குவார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. கப்பல் மலேசியா போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் வருவதால், சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்கிறதா என்று தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பயண முடிவிலிருந்து 6 மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். ஏஜென்ட் இனிஷியலையோ அப்பா பெயரையோ தானாக நிரப்பிவிடுவார். விமான டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். டிக்கெட் விலைக்கு மேல் கப்பலில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை சேவைக் கட்டணம் தனியாக வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் உங்களிடம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் டிசிஎஸ் வரி உங்கள் பான் எண்ணில் வரவாகிறதா என்று பாருங்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

பயண இன்சூரன்ஸை அட்வான்ஸ் கட்டிய அதே வாரத்தில் எடுங்கள், விசா வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். கேன்சலேஷனுக்கான பாதுகாப்பு எடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும். பெற்றோருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். கர்ப்பம் சம்பந்தமான காரணத்துக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடையாது, அதனால்தான் தம்பி அறைக்கு ரீஃபண்டபிள் அட்வான்ஸ் என்று அழுத்திச் சொன்னேன்.

அப்பாவிடம் பேசித் தேதியை முடிவு செய்துகொள்ளுங்கள். பெற்றோருக்காகப் பார்க்கும் அறை எண்ணையும் கப்பல் பெயரையும் பணம் கட்டும் முன் எனக்கு எழுதுங்கள். அந்த அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது, லிஃப்டுக்கு எத்தனை தப்படி என்று டெக் பிளானைப் பார்த்துச் சொல்கிறேன்.